புதுப்பிப்பு: அம்மாவின் எலும்பு மாத்திரை, முடிவு எடுத்துவிட்டோம்

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அம்மா (72) குழாயடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதையும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 3.1 வந்ததையும் சொல்லி, ஆஸ்டியோபோரோசிஸுக்கு (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய்) மாத்திரை தொடங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

தொடங்கிவிட்டோம். மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே ஆஸ்டியோபோரோசிஸ்தான். அதோடு ஒரு முறிவும் ஆகிவிட்டதால், பாலும் கேழ்வரகும் மட்டும் போதாது என்றார் டாக்டர். அம்மாவின் பயமெல்லாம், இந்த மருந்தால் தாடை எலும்பு கெட்டுப்போகுமோ என்பதுதான். இந்த அளவு மருந்தில் அது மிக அரிது என்று விளக்கினார். ஆனாலும், மருந்து தொடங்கியபின் பல் எடுத்தால் அந்த ஆபத்து கூடலாம் என்பதால், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை முதலில் எடுத்து, புண் ஆறும்வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வைட்டமின் டி குறைவையும் அதற்குள் சரிசெய்தாயிற்று.

இப்போது ஞாயிறுதோறும் அலென்ட்ரோனேட் என்ற அந்த மாத்திரை, 70 மி.கி. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு. அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. விடிந்ததும் காபி குடித்தே பழகிய அம்மாவுக்கு அதுதான் கஷ்டம். அந்த அரை மணி நேரம் நானும் காபி குடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நாலு வாரம் ஆகிறது, நெஞ்செரிச்சல் இல்லை. ஐந்து வருடம் கழித்து, தொடர்வதா நிறுத்துவதா என்று மறுபடி பார்ப்பார்களாம்.

குளியலறையில் கைப்பிடியும் போட்டாயிற்று.