வீட்டை விட்டு வந்துவிட்டேன், இரண்டு வருட கிரீன் கார்டு ஜூனில் முடிகிறது

திண்டுக்கல்_கேரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது முதல் முறை.

2023 பிப்ரவரியில் திண்டுக்கல்லில் கல்யாணம். அவர் அமெரிக்கக் குடிமகன், வட கரோலினாவில் கேரியில் வேலை. மும்பையில் விசா வாங்கி 2024 ஜூன் 18 அன்று சிகாகோவில் இறங்கினேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாததால் இரண்டு வருடத்துக்கான நிபந்தனை கார்டுதான் வந்தது, சிஆர்1 என்று போட்டிருக்கும். வரும் ஜூன் 18 அன்று அது முடிகிறது.

போன நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பெட்டியோடு வெளியே வந்தேன். மோரிஸ்வில்லில் நான் வேலை பார்க்கும் மாண்டிசோரி பள்ளியில் கூட வேலை செய்யும் தோழியின் வீட்டில் இருக்கிறேன். அவர் அடித்ததில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் பாஸ்போர்ட்டும் கார்டும் அவருடைய லாக்கரில்தான் இருந்தன. சம்பளம் அவர் கணக்குக்குப் போகும், வாரத்துக்கு 40 டாலர் கையில் தருவார். அம்மாவிடம் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். தோழியின் கணவர் கூட வந்து நின்ற பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

இப்போது "ஒரு கடிதம் போட்டால் உன் கார்டு கேன்சல்" என்கிறார். விவாகரத்துக்குப் போகலாமென்றால் இந்த மாநிலத்தில் ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகுதான் வழக்கே போட முடியுமாம். அதற்குள் ஜூன் வந்துவிடும். அப்பா "கிளம்பி வந்துடும்மா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று தினமும் அழுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஜூனில் என் நிலைமை என்ன?

——

ஆல்ஃபரெட்டா_ராஜன் எழுதியது:

தங்கச்சி, பதறாதே. முதலில் அவர் கடிதம் போட்டு உன் கார்டு போய்விடாது. கார்டைப் பறிக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கும் குடிவரவு நீதிபதிக்கும்தான். அவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: நிபந்தனையை நீக்கக் கேட்டு இருவரும் கூட்டாகப் போடும் ஐ-751 மனுவில் அவருடைய கையெழுத்து.

எனக்குத் தெரிந்த ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். பிரிந்திருந்த கணவரோடு சுமுகமாகப் பேசி, இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்று எழுதி, கூட்டாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இன்டர்வியூ இல்லாமலே பத்து வருட கார்டு வந்துவிட்டது. கேட்டுப் பார்.

——

டர்ஹம்_அக்கா எழுதியது:

ராஜன் தம்பி, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் தயவுசெய்து அந்த இரண்டாவது பத்தியை யாருக்கும் சொல்லாதீர்கள். அந்தப் படிவத்தில் பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறோம். பிரிந்திருப்பது குற்றமில்லை, அதை மறைத்தால்தான் குற்றம். உண்மையான கல்யாணமே பொய்க் கல்யாணம் மாதிரி ஆகிவிடும்.

திண்டுக்கல் தங்கச்சி, நானும் இதே மாநிலத்தில் இதே பாதையில் வந்தவள். என் கதையில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2021 கடைசியில் பிரிந்தோம், 2022 மார்ச்சில் கூட்டு மனு அனுப்பினோம். தனித்தனி முகவரிகளை அப்படியே எழுதினோம், கவுன்சலிங் போய்க்கொண்டிருக்கிறோம் என்று ஒரு பக்கக் கடிதமும் வைத்தோம். சட்டப்படி இன்னும் கணவன் மனைவிதான் என்பதால் பிரிந்திருக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளிவிட மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது ஒன்றுதான், கல்யாணம் செய்த நாளில் இருவரும் சேர்ந்து வாழத்தானே செய்தீர்கள்? 2023-இல் விவாகரத்து ஆனதும் தீர்ப்பின் நகலை அனுப்பி, இதை விலக்கு மனுவாக, அதாவது கணவர் கையெழுத்தில்லாமல் நான் மட்டும் போடும் மனுவாக மாற்றுங்கள் என்று கேட்டேன். டர்ஹமில் இன்டர்வியூ வைத்தார்கள். முக்கால் மணி நேரம். லீஸ், ஜாயின்ட் டாக்ஸ், கார் இன்ஷூரன்ஸ், கவுன்சலர் ரசீது எல்லாம் கேட்டார்கள். கடைசியில் என்னைக் காப்பாற்றியது கொடைக்கானல் போன ஒரு பஸ் டிக்கெட்டும் என் மாமியாரோடு எடுத்த போட்டோக்களும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் உன் கேஸ் என் கேஸ் இல்லை. நீ "அடித்ததில்லை" என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே எழுதியிருப்பதை மறுபடியும் படித்துப் பார். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டது, சம்பளத்தை வாங்கிக்கொண்டது, அம்மாவிடம் பேசக்கூட காவல், கார்டை வைத்து மிரட்டல். குடிவரவுச் சட்டத்தில் "மிகக் கொடுமை" என்று ஒரு விலக்கு உண்டு, அடி விழுந்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. மனத்தை நசுக்குவதும் பணத்தைக் கட்டுப்படுத்துவதும் அதில் வரும். நிபந்தனை கார்டு 1986-இல் வந்தது, போலிக் கல்யாணங்களைப் பிடிக்க. கையெழுத்துக்குப் பயந்து பெண்கள் கொடுமையிலேயே கிடக்கிறார்கள் என்று தெரிந்துதான் 1990-இல் இந்த விலக்கைச் சேர்த்தார்கள். இதற்கு விவாகரத்து தேவையில்லை. அவர் கையெழுத்தும் தேவையில்லை. 90 நாள் கணக்கும் கிடையாது, நாளைக்கே போடலாம்.

கூட்டு மனு என்றால்தான் முடிவு தேதிக்கு முந்தைய 90 நாளுக்குள். உனக்கு அது மார்ச் 20-இல் தொடங்கும். விவாகரத்து விலக்கில்தான் வட கரோலினா இடிக்கிறது. தனித்தனி வீட்டில் முழுதாக ஒரு வருடம் இருக்க வேண்டும், ஒரே வீட்டில் வேறு அறை என்பதெல்லாம் எடுபடாது. நடுவில் சேர்ந்து வாழப் போனால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. உனக்கு நவம்பருக்கு முன்னால் வழக்கே போட முடியாது. ஜூனைத் தாண்டியும் விலக்கு மனு போடலாம்தான், ஆனால் நடுவில் உன் கையில் செல்லுபடியாகும் காகிதம் எதுவும் இருக்காது, வேலைக்கும் லைசென்ஸுக்கும் அலைவாய். மனு போட்டுவிட்டால் வரும் ரசீதுக் கடிதம் கார்டை 48 மாதம் நீட்டிக்கும். அதனால் ஜூனுக்கு முன்னால் ஏதாவது ஒன்று உள்ளே போய்விட வேண்டும்.

வக்கீலைப் பார்க்காமல் எதையும் அனுப்பாதே. ராலேயில் கிரண் என்று தெற்காசியர்களுக்காகவே ஒரு அமைப்பு இருக்கிறது, அங்கே முதலில் பேசு. ராத்திரியில் பேச வேண்டுமென்றால் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233.

இன்னொன்று, இன்றைக்கே செய். நீ வீடு மாறியதை 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் ஆன்லைனில் இப்போதே செய். இல்லாவிட்டால் உன் கடிதமெல்லாம் அவர் தபால் பெட்டியில் விழும்.

——

ஆல்ஃபரெட்டா_ராஜன் எழுதியது:

அக்கா சொன்னது சரி, நான் எழுதியது தவறு. தங்கச்சி அதைச் செய்ய வேண்டாம். விவாகரத்தை ஊரில் போய் வாங்கிவிடலாமா?

——

டர்ஹம்_அக்கா எழுதியது:

இருவருமே இங்கே குடியிருந்தால் திண்டுக்கல் கோர்ட் தீர்ப்பை இங்கே கேள்வி கேட்பார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். அப்புறம், நகை, சேர்த்த பணம், ஜீவனாம்சம் பற்றிய கோரிக்கையை இந்த மாநிலத்தில் விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு கேட்டால் கிடையாது. என் தாலிக்கொடி போனது இதைத் தெரியாமல்தான்.

அப்பாவிடம் சொல், ஊருக்குப் போய் வரலாம், தங்கிவிடக் கூடாது. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் யாராவது ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதே. அது கார்டை நீயே ஒப்படைக்கிறாய் என்று எழுதிக் கொடுப்பது. நீதிபதியிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்.

——

திண்டுக்கல்_கேரி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதைத் தோழிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் படிக்க முடியவில்லை, அவள்தான் வாங்கி முடித்தாள்.

முகவரி மாற்றிவிட்டேன். கிரணில் பேசினேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் அவர் கணக்குக்குப் போனதற்கு 16 மாத ஸ்டேட்மென்ட்டைப் பள்ளி அலுவலகத்திலேயே எடுத்துக் கொடுத்தார்கள். அவர் மிரட்டி அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் தமிழில் இருக்கிறது. அதை அப்படியே கொடுக்கலாமா?

——

டர்ஹம்_அக்கா எழுதியது:

ஒன்றையும் அழிக்காதே. தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு மெயிலில் போட்டு வை. ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், நோட்டரி தேவையில்லை. நீயே செய்யாதே, வேறு யாராவது செய்யட்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குத் தனிச் செய்தி அனுப்பு, சனிக்கிழமை உட்கார்ந்து முடித்துத் தருகிறேன்.