தகவல் நாடலா, தகவல் தேடலா?

தருமபுரி, நூலகர்:
அன்புடையீர், வணக்கம். நூலக அறிவியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. ‘இன்ஃபர்மேஷன் சீக்கிங்’, ‘சர்ச்சிங்’ இரண்டுக்கும் ‘தகவல் தேடல்’ என்றே எழுதி வருகிறோம். தகவல் அறிவியல் ஆய்வாளர் டி.டி. வில்சன் 2000-இல் எழுதிய கட்டுரையில் இவற்றைத் தெளிவாகப் பிரிக்கிறார். பாலக்கோட்டில் தக்காளி இலை சுருண்டால் விவசாயி பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்பார், உரக்கடையில் இலையைக் காட்டுவார், வேளாண் அலுவலரிடம் போவார். இதெல்லாம் சீக்கிங். நடுவில் செல்போனை எடுத்து எந்தச் சொல்லைப் போடுவது, வந்ததில் எதைத் திறப்பது என்று பார்ப்பது சர்ச்சிங். முன்னதற்கு ‘நாடல்’ சரிவருமா?

அரூர், தமிழாசிரியர்:
தாராளமாக. ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற குறளே போதும். அதற்கும் முன்னே போனால் நாட்டம் என்றாலே கண். ‘நாட்டம் இரண்டும் அறிவுடம் படுத்தற்கு’ என்கிறது தொல்காப்பியக் களவியல். கண்ணும் அறிவும் ஒரே அடியில் நிற்கின்றன! ஆகவே ‘அறிநாட்டம்’ என்றே வைக்கலாம். ‘தகவல்’ வேண்டாம்.

கிருஷ்ணகிரி, கல்லூரி ஆசிரியை:
ஐயா, அது காதலர் பார்வையைச் சொல்லும் நூற்பா. ‘படிப்பில் நாட்டமில்லை’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அறிநாட்டத்தை அறிவார்வம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் தெரிந்த ‘தேடல்’ இருக்கும்போது புதிது எதற்கு?

தருமபுரி, நூலகர்:
அம்மா, தொலைந்தது இன்னதென்று தெரிந்தால்தான் தேட முடியும். தனக்கு எது தெரியவில்லை என்பதையே ஒருவரால் சொல்ல முடியாத நிலை உண்டு என்பதுதானே 1980-இல் தகவல் அறிவியல் ஆய்வாளர் பெல்கின் வைத்த கருத்து! இலை சுருண்டவருக்கு அது பூச்சியா, நோயா, சத்துக்குறைவா என்பதே தெரியாது. அவர் ஆளை நாடுகிறார்.

ஓசூர், மொழிபெயர்ப்பாளர்:
அப்படியே ஆய்வாளர் டெர்வினின் ‘சென்ஸ் மேக்கிங்’குக்கும், அதாவது சிக்கலில் நிற்பவர் தன் நிலைக்குப் பொருள் கண்டுகொள்வதற்கும், ஒரு சொல் வேண்டும். ‘பொருள்கோள்’ எப்படி?

அரூர், தமிழாசிரியர்:
கூடவே கூடாது. யாற்றுநீர் முதல் அடிமறிமாற்று வரை நன்னூல் எட்டு வகை சொல்லி முடித்த சொல் அது. அங்கே செய்யுளின் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் காண்கிறோம். டெர்வின் பேசுவது வாழ்க்கையில் வழி அடைபடும் இடைவெளியை.

கிருஷ்ணகிரி, கல்லூரி ஆசிரியை:
அதைத் தனி மடலில் வைத்துக்கொள்வோம். ‘மருத்துவரை நாடவும்’ என்பது மாத்திரை அட்டை வரைக்கும் வந்துவிட்ட வழக்குதான். சரி, நாடலுக்கு நானும் ஒப்புகிறேன். ஆனால் முதல் பக்கத்திலேயே தேடலோடு வேறுபாட்டை விளக்கிவிடுங்கள்.

தருமபுரி, நூலகர்:
நன்றி. ‘தகவல் நாடல்’, ‘தகவல் தேடல்’ என்றே அனுப்புகிறேன். டெர்வினுக்கு இப்போதைக்கு ஒலிபெயர்ப்புதான்.

அரூர், தமிழாசிரியர்:
அச்சுக்குப் போகட்டும். ‘தகவல்’ மீதான என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அறிநாட்டத்தை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.