ரீமர் விட்ட புஷ்

சாட்ஸ்வர்த் கடைசல்காரன்: 1950களின் அமெரிக்க ஜூக்பாக்ஸில் (காசு போட்டால் இசைத்தட்டு பாடும் பெட்டி) சுழலும் தண்டைத் தாங்கும் வெண்கலக் குழலான புஷ் தேய்ந்து தண்டு ஆடினால், ரீமர் என்னும் வெட்டுக்கருவியை விட்டுத் துளையைப் பெரிதாக்கித் தடித்த தண்டைப் பொருத்தினால் போதும் என்று டோங்காட் அண்ணா நேற்று எல்லோருக்கும் பாடம் நடத்தியிருக்கிறார். அந்தப் புஷ் வார்ப்பு வெண்கலம் அன்று. உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். ரீமர் உரசினால் உலோகம் இழுபட்டு நுண்துளைகள் அடைபடும். பிறகு எண்ணெய் எவ்வழியாகக் கசியும்?

டோங்காட் பழையதட்டு: தம்பி, நான் பொருத்திய தண்டு ஆறு ஆண்டுகளாக ஆடாமல் ஓடுகிறது. உங்கள் பட்டறையிலிருந்து திரும்பிய பெட்டிகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மாரிட்ஸ்பர்க் மாமா: பாதிப் பேர் தேய்மானம் என்று நினைப்பது, கெட்டியாகிப்போன பழைய கிரீஸைத்தான். முதலில் எந்திரத்தை மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள்.

சாட்ஸ்வர்த் கடைசல்காரன்: ஊறவைத்தால் புஷ்ஷுக்குள் இருக்கும் எண்ணெயும் கரைந்து வெளியேறிவிடும், மாமா. சூடான எண்ணெயில் மீண்டும் ஊறவைக்கச் சொல்ல மறந்துவிட்டீர்கள். அது இருக்கட்டும், அண்ணா ரீமர் விட்டாரா, இல்லையா?

டோங்காட் பழையதட்டு: கூரான கார்பைடு முனையால் லேத்தில் குடைந்தால் துளைகள் அடைபடாது என்பது உங்களுக்குத் தெரியாதா?

சாட்ஸ்வர்த் கடைசல்காரன்: தெரியும். ஆனால் நேற்று நீங்கள் எழுதியது ரீமர், இன்று லேத்தாகிவிட்டது.

மாரிட்ஸ்பர்க் மாமா: அண்ணாவின் பெட்டியில் பாட்டு இழுக்கிறதே, அது புஷ்ஷின் இறுக்கமாக இருக்குமோ?

டோங்காட் பழையதட்டு: இறுக்கமில்லை. அந்த மோட்டார் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. நம் தென்னாப்பிரிக்க மின்சாரம் 50. அதனால் நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டு 37.5 சுற்றே ஓடுகிறது. மோட்டார் தண்டில் 1.2 மடங்கு விட்டமுள்ள உறை மாட்டினால் தீரும்.

சாட்ஸ்வர்த் கடைசல்காரன்: ஆறு ஆண்டுகளாகப் பாடகியின் குரல் ஆண்குரலாக ஒலித்தும் அந்த உறையை மாட்டாதவர், தண்டு ஆடவில்லை என்று சான்றிதழ் தருகிறார்! 1946-இல் வந்த வுர்லிட்சர் 1015 ஜூக்பாக்ஸ் 45 சுற்றுத் தட்டுகளைப் பாடியதாகச் சென்ற மாதம் எழுதியவரும் இவரே. 45 சுற்றுத் தட்டே 1949-இல்தான் விற்பனைக்கு வந்தது. அந்தப் பெட்டி 78 சுற்றுத் தட்டுகள் இருபத்துநான்கை மட்டுமே பாடும்.

டோங்காட் பழையதட்டு: அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து தண்டை நீங்களே ஆட்டிப் பாருங்கள். வரும்போது, என்னிடம் இரவல் வாங்கிய, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

சாட்ஸ்வர்த் கடைசல்காரன்: அதைக் காவடித் திருவிழாவன்றே உங்கள் மகனிடம் கொடுத்துவிட்டேன். ரீமர் விட்டீர்களா?

டோங்காட் பழையதட்டு: அவன் கையில் தந்தது கேஜ் இல்லாத வெறும் பெட்டி.