18446744073709551615: இதுல அப்படி என்ன விசேஷம்?

கணக்குப்பிள்ளை:
சதுரங்கப் பலகையில ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு அரிசியை இரட்டிச்சுக்கிட்டே போற கதை தெரியும்ல? 64 கட்டத்துக்கும் சேர்த்து வர்ற எண் இது, அதாவது 2^64 − 1. பகாக் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஏழும் ஒவ்வொரு தடவைதான் வருது, அதனால மொத்த வகுத்திகள் 2^7 = 128. இலக்கங்களைக் கூட்டினா 87.

குறுக்குசால்:
எந்த இருபது இலக்க எண்ணைக் குடுத்தாலும் கம்ப்யூட்டர் இப்படி ஒரு ஜாதகம் கணிச்சுத் தள்ளிரும். இதுக்கு ஒரு இழையா?

கணக்குப்பிள்ளை:
கம்ப்யூட்டர் எதுக்கு? பள்ளிக்கூடத்துல படிச்ச a² − b² = (a − b)(a + b) போதும். அஞ்சு தடவை உடைச்சா 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. கண்ட எண்ணும் இப்படி உடையாது சார்.

குறுக்குசால்:
கடைசிக் காரணியில உங்க a² − b² படுத்துருச்சே! 4294967297 பகா எண்ணுன்னு கணித மேதை ஃபெர்மாவே நம்பினார்.

கணக்குப்பிள்ளை:
1732ல இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை 641 × 6700417ன்னு உடைச்சுட்டார். சரிபார்க்கிறது சுலபம். 641 = 5 × 2^7 + 1. அதனால 5 × 2^7ஐ 641ஆல வகுத்தா மீதி −1. நாலாம் அடுக்குக்கு ஏத்துங்க, 5^4 × 2^28க்கு மீதி 1. ஆனா 641 = 5^4 + 2^4ம் கூட, அதனால 5^4 இருக்கிற இடத்துல −2^4 போடலாம். இப்போ −2^32க்கு மீதி 1. அப்போ 2^32 + 1 மிச்சமில்லாம வகுபடுது. அதான் 4294967297.

நிரலன்:
நிரூபணம் அழகு, ஒத்துக்கிறேன். 64 பிட்ல அடங்குற பெரிய எண்ணும் இதுதான், தினமும் பார்க்கிறது. ஆனா அந்த 87 உறுத்துது. அது பத்தடிமானத்தோட, அதாவது நாம 0 முதல் 9 வரை இலக்கம் வச்சு எழுதுற முறையோட குணம், எண்ணோட குணம் இல்ல. 0, 1 மட்டும் வச்சு பைனரில எழுதினா வரிசையா 64 ஒண்ணு, கூட்டுத்தொகையும் 64. எது நிஜம்?

கணக்குப்பிள்ளை:
87 மூணால வகுபடும், ஒன்பதால வகுபடாது. அதனால எண்ணுக்குள்ள 3 ஒரே ஒரு தடவைதான். அது எண்ணோட குணம்தானே?

நிரலன்:
பதினாறு அடிமானத்துல இதுக்கு 16 இலக்கம், ஒவ்வொண்ணோட மதிப்பும் 15. கூட்டுங்க, 16 × 15 = 240. அது 15ஆல வகுபடுது, 3ம் 5ம் ஒரே அடியில மாட்டுது. உங்க 87ல 5 எங்க?

கணக்குப்பிள்ளை:
கடைசி இலக்கமே 5தான் தம்பி. கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க.

நிரலன்:
😀 அதுவும் அடிமானம் குடுத்த சலுகைதான். 87ஐப் பட்டியல்ல வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

குறுக்குசால்:
அது கிடக்கட்டும். அடுத்தது 2^128 − 1. அதுக்கு 2^64 + 1ஐ உடைக்கணும், காரணி 274177. அதை எப்படிக் கையால பிடிப்பீங்க?

கணக்குப்பிள்ளை:
அதோட காரணி எதுவானாலும் 256ன் மடங்கை விட ஒண்ணு கூடுதலா இருக்கணும். 274177 = 256 × 1071 + 1.

குறுக்குசால்:
அதாவது ஆயிரம் தடவை வகுக்கச் சொல்றீங்க. நல்லா இருங்க!

கணக்குப்பிள்ளை:
பகா எண் இல்லாததை எல்லாம் தள்ளிட்டா அவ்வளவு வராது. 1880ல லாண்ட்ரிங்கிற கணித ஆர்வலர் இதை உடைச்சப்ப அவருக்கு வயசு 82.