ஓப்பன்ஜிஎல்லிலேயே தொடரலாமா, வல்கனுக்குப் போகலாமா?

வணக்கம் நண்பர்களே, சி++ ஓரளவு தெரியும், டெஸ்க்டாப்பில் ஓடுகிற ஒரு சின்ன 3டி வியூவர் எழுத ஆசை. ஜிஎல்எஃப்டபிள்யூ (விண்டோ திறக்க உதவும் லைப்ரரி) வைத்து விண்டோ திறந்து, கிராஃபிக்ஸ் கார்டு வழியாகப் படம் வரைய உதவும் இடைமுகமான ஓப்பன்ஜிஎல் 3.3-இல் முக்கோணம் வரைந்தாயிற்று. கனசதுரம் போட்டால்தான் தகராறு: பின்பக்கம் முன்னால் வந்து நிற்கிறது, சரி என்று டெப்த் டெஸ்ட்டை (எது முன்னால், எது பின்னால் என்று பார்க்கும் சோதனை) ஆன் செய்தால் எதுவுமே தெரிவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் கலர் பஃபரை (நிறங்களை வைத்திருக்கும் இடம்) மட்டும் கிளியர் செய்கிறேன், டெப்த் பஃபரையும் (தூரங்களை வைத்திருக்கும் இடம்) செய்ய வேண்டுமோ?

அப்புறம், மேக்கில் ஓப்பன்ஜிஎல் 4.1-ஓடு நின்றுவிட்டது, 2018-லேயே ஆப்பிள் அதைக் கைவிடப்போவதாகச் சொல்லிவிட்டது. அதற்காக இப்போதே, அதைவிடப் புதிய கிராஃபிக்ஸ் இடைமுகமான வல்கனுக்குத் தாவ வேண்டுமா? ஒரு முக்கோணத்துக்கே நூற்றுக்கணக்கில் வரிகள் எழுதச் சொல்கிறார்கள், எனக்கு அது அதிகப்படியாகத் தெரிகிறது. இரண்டிலும் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். மேட்ரிக்ஸ் கணக்கைத் தமிழில் விளக்கும் வீடியோ இருந்தாலும் போடுங்கள்.