இன்டிசைன் சிஎஸ்6-இலிருந்து சிசிக்கு மாற வேண்டுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே மலர், புத்தக லேஅவுட் வேலை. இருப்பது அடோபியின் லேஅவுட் மென்பொருளான இன்டிசைனின் பழைய வெர்ஷன், சிஎஸ்6. யூனிகோடு அல்லாத பழைய ஃபாண்டான பாமினியில் அடிக்கிறேன். இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்பில் யூனிகோடில்தான் மேட்டர் அனுப்புகிறார்கள். ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. மாதச் சந்தா கட்டி புது வெர்ஷனான சிசிக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?

பதில் 1: இதற்காக மட்டும் என்றால் வேண்டாங்க. சிஎஸ்6-இலேயே தமிழ் யூனிகோடு உண்டு, மறைந்திருக்கிறது. விண்டோ > யுடிலிட்டீஸ் > ஸ்கிரிப்ட்ஸ் போய், அப்ளிகேஷன் ஃபோல்டரில் உள்ள இன்டிக் பிரிஃபரன்சஸை டபுள் கிளிக் செய்யுங்கள். அதன்பின் திறக்கும் புதிய ஃபைலில், தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் தானாக வரும். பழைய ஃபைலில் பாராகிராஃப் ஸ்டைலுக்குள் போய் கையால்தான் மாற்ற வேண்டும். பாமினியில் அடித்ததற்கு யூனிகோடு ஃபாண்ட் போட்டால் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். கன்வர்ட்டரில் மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

பதில் 2: மாறுவதாக இருந்தால் முதலில் ஃபாண்ட் ஃபோல்டரைப் பாருங்கள் சார். டைப் 1 என்ற பழைய வகை ஃபாண்ட்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. பிஎஃப்பி ஃபைலாக உள்ள பழைய தமிழ் ஃபாண்ட் புது வெர்ஷனில் லிஸ்டிலேயே வராது, டிடிஎஃப் வரும். பழைய லேஅவுட் மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைலைத் திறக்கும் கடைசி வெர்ஷனும் சிஎஸ்6தான், அதை அழித்துவிடாதீர்கள்.

பதில் 3: அச்சகம் சிசி ஃபைலாகவே அனுப்பினால் பழைய வெர்ஷனுக்காகச் சேமிக்கும் ஐடிஎம்எல் ஃபார்மட்டில் கேளுங்கள், சிஎஸ்6 திறக்கும். வரி உடைவு மாறலாம், கடைசிப் பக்கம் வரை ஒத்துப் பார்க்கணும். வாராவாரம் இந்தத் தொல்லை என்றால் சந்தா நியாயம். இன்டிசைன் மட்டும் போதும், முழு பேக் வேண்டாம்.