கிராஃபிங் கால்குலேட்டரை லினக்ஸில் இணைத்த கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

தெம்பனிஸ் அம்மா

பையன் ஜேசி (ஜூனியர் காலேஜ்) முதல் வருடம். இங்கே சிங்கப்பூரில் ஏ லெவல் ஹெச்2 கணிதத்துக்குக் கிராஃபிங் கால்குலேட்டர் இல்லாமல் வேலை ஆகாது. அவனிடம் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் (டிஐ) டிஐ-84 பிளஸ் சிஇ, வீட்டில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட ஒரு லேப்டாப் மட்டும். தேர்வுக்கு முன்னால் கால்குலேட்டர் நினைவகத்தை மொத்தமாக அழித்துவிட வேண்டும் என்பதால் அவன் எழுதி வைத்திருக்கும் சின்னச் சின்ன புரோகிராம்கள் எல்லாம் போய்விடும், அதை எங்காவது எடுத்து வைக்க வேண்டுமே என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

டிஐ தருகிற டிஐ கனெக்ட் மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் இருக்கிறது. லினக்ஸுக்குக் கிடையாது. அதனால் கால்குலேட்டரோடு கோப்பு பரிமாற டில்ப். பல வருடங்களாக இருக்கிற கட்டற்ற மென்பொருள், வயதில் பழையதே தவிர வேலையில் குறை இல்லை.

கேபிளைச் சொருகியதும், மாட்டியிருக்கிற யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்துப் பார்த்தேன். 0451 என்ற எண்ணோடு ஒரு வரி வந்தது. அது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கான விற்பனையாளர் எண். அதாவது கணினி அதைப் பார்க்கிறது, யார் என்றும் தெரிந்துகொண்டது. ஆனால் டில்ப்பைத் திறந்தால் கருவியே இல்லை என்கிறது! சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அனுமதியோடு, திறந்தேன், அத்தனை கோப்பும் வரிசையாக வந்து நின்றன. டிரைவர் கேட்டு எங்கெங்கோ தேடுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். சூடோவில் வேலை செய்து சாதாரணமாகச் செய்யவில்லை என்றால் குறை டிரைவரில் இல்லை, அனுமதியில்தான்.

எப்போதும் சூடோ போட்டு ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. மாட்டுகிற கருவிகளைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதிக்கு யூடெவ் என்று பெயர்; எட்சியில் உள்ள அதன் ரூல்ஸ் அடைவில் சின்னதாக ஒரு விதிக் கோப்பு வைத்தேன். விற்பனையாளர் எண் 0451 வந்தால் திரையின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அனுமதி கொடு, அவ்வளவுதான் விஷயம், ஒரே வரி. விதிகளை மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டு கேபிளைக் கழற்றி மாட்டினேன். சரியாகிவிட்டது. சிஇ வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: டில்ப் 1.18 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாகப் பாருங்கள், பழையதில் மாடல் பட்டியலில் சிஇ பெயரே இருக்காது.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? டிஐ மட்டும் என்றில்லை, கேசியோ, ஹெச்பி எதுவானாலும் எழுதுங்கள்.


டல்லாஸ்காரன்

அக்கா, அந்தக் கால்குலேட்டர் கம்பெனியின் ஊரிலிருந்தே எழுதுகிறேன் 😄. இங்கே பள்ளிக்கூடத்தில் இந்த 84-ஐ எல்லோர் பையிலும் பார்க்கலாம். என் மகளுக்குக் கிடைத்தது பழைய டிஐ-84 பிளஸ், கறுப்பு வெள்ளைத் திரை, 96க்கு 64 புள்ளி, நாலு டிரிபிள் ஏ பேட்டரி போடுகிற ரகம். பக்கத்து வீட்டில் கராஜ் சேல் போட்டபோது வாங்கியது.

இந்த மாடலில் மேலே இரண்டு துளை இருக்கும். ஒன்று மினி யூஎஸ்பி, இன்னொன்று 2.5 மில்லிமீட்டர் வட்ட ஜாக். வட்ட ஜாக் பழைய காலத்து இணைப்பு, 83 பிளஸ், 89 போன்றவற்றில் அது மட்டும்தான் உண்டு. அதற்குச் சில்வர்லிங்க் என்று தனி கேபிள் வேண்டும், ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் ஜாக். அதற்கும் முன்னால் கிரேலிங்க், பிளாக்லிங்க் என்று சீரியல் போர்ட்டில் மாட்டுகிறவை இருந்தன, பேரலல் போர்ட்டுக்கு வீட்டிலேயே பற்றவைத்துச் செய்தவர்களும் உண்டு. டில்ப் இவை எல்லாவற்றுக்கும் ஒத்துழைக்கும் என்பதால்தான் அதன் அமைப்புப் பக்கத்தில் அத்தனை கேபிள் பெயர்கள் நிற்கின்றன. புதிதாக வருகிறவர் குழம்புவதும் அங்கேதான். மினி யூஎஸ்பியில் நேராக மாட்டினால் கேபிள் டைரக்ட்லிங்க், மாடல் வெறும் டிஐ-84 பிளஸ் இல்லை, அதே பெயரோடு யூஎஸ்பி என்று சேர்ந்து தனியாக ஒன்று இருக்கும், அதை எடுக்க வேண்டும். சில்வர்லிங்க் என்றால் யூஎஸ்பி சேராத வெறும் பெயர். கால்குலேட்டர் ஒன்றுதான், ஆனால் இரண்டு வழியிலும் பேசுகிற முறை வேறு. மாற்றிப் போட்டால் டைம்அவுட் மட்டும் வரும், ஏன் என்று சொல்லாது.

லினக்ஸுக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் போட்டு அங்கே டிஐ கனெக்ட் ஓட்டலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கோப்பு நகர்த்துகிற வரை சரி. ஆனால் கால்குலேட்டரின் ஓஎஸ்ஸை, அதாவது இயக்க மென்பொருளை, ஏற்றும்போது கால்குலேட்டர் நடுவில் தன்னைத் தானே அணைத்து மறுபடி வரும், அப்போது அது விர்ச்சுவல் மெஷினை விட்டுவிட்டு லினக்ஸ் பக்கம் வந்து நிற்கும். யூஎஸ்பி ஃபில்டர் எழுதி வைத்தால்தான் திரும்பிப் போகும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுகிற வைன் பக்கம் போகவே வேண்டாம், யூஎஸ்பி கருவி விஷயத்தில் அதை நம்ப முடியாது.

ஓஎஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிஇ வைத்திருக்கிற பிள்ளைகள் விளையாட்டு ஏற்ற ஆசைப்பட்டால் அப்டேட் கொடுப்பதற்கு முன் யோசிக்கச் சொல்லுங்கள். 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து அசெம்பிளி, சி மொழிகளில் எழுதிய புரோகிராம்களை நேரடியாக ஓட்டுகிற வசதியை எடுத்துவிட்டார்கள். ஏறிவிட்டால் பழைய பதிப்புக்கு இறங்கவும் விடாது. தேர்வில் ஏமாற்றுவதைத் தடுக்க என்று காரணம் சொன்னாலும், கால்குலேட்டரில் புரோகிராம் எழுதிப் பழகித்தான் இந்தத் துறைக்கே வந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு அது நல்ல முடிவாகத் தெரியவில்லை.


லா சப்பல் அண்ணை

நாங்கள் பாரிசில். இங்கே பிள்ளைகள் லீசேயில் (உயர்நிலைப் பள்ளியில்) கூடுதலாகப் பாவிக்கிறது கேசியோவும் நியூம்வர்க்ஸும்தான். மூத்தவனிடம் கேசியோ கிராஃப் 90 பிளஸ் இ இருக்கு, மற்ற நாடுகளில் எஃப்எக்ஸ்-சிஜி50 என்று விற்கிறதும் இதுதான். உங்கள் கதைகளைப் படிக்கப் பாவமாக இருக்கு. நான் கேபிளைச் செருக, கால்குலேட்டர் திரையில் எந்த வகையில் இணைக்கிறது என்று கேட்டுது. எஃப்1 அமத்தினேன். பென்டிரைவ் மாதிரி டெஸ்க்டாப்பில் வந்திட்டுது. மென்பொருளும் வேண்டாம், விதியும் வேண்டாம், எந்த லினக்ஸ் என்றாலும் ஒன்றுதான். பைத்தான் கோப்பை இழுத்துப் போட்டால் அங்கே ஓடும்.

ஒரு விசயம் மட்டும் கவனம். கோப்பு மேனேஜரில் எஜெக்ட் குடுக்காமல் கேபிளை இழுக்காதேங்கோ. லினக்ஸ் எழுதுறதைக் கொஞ்ச நேரம் கையில் வைச்சிருந்துதான் எழுதும், திரையில் கொப்பி முடிஞ்சுது என்று காட்டினாலும் உள்ளே முடிஞ்சிருக்காது.

பழைய கேசியோக்கள் அப்படி இல்லை. எஃப்எக்ஸ்-9860ஜி காலத்து மாடல்கள் பென்டிரைவாக வராது, அதற்குக் கேசியோவின் சொந்தப் பேச்சுமுறை ஒன்று, புரோட்டோகால் 7 என்று சொல்லுவினம். கேசியோ தந்தது விண்டோஸுக்கான எஃப்ஏ-124. லினக்ஸுக்குப் பிளானெட் கேசியோ என்ற பிரெஞ்சுக் குழுவில் உள்ள ஆக்கள் பி7 என்று ஒரு கட்டளைவரிக் கருவி செய்து விட்டவை, அதுதான் கை குடுத்தது. வாங்க இருக்கிற ஆக்கள் 9860 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதேங்கோ, கடைசியில் வந்த ஜிஐஐஐ பென்டிரைவாக வரும், முதல் வந்தது வராது.

சின்னவளிடம் நியூம்வர்க்ஸ். அது 2017-இல் வந்த பிரெஞ்சுக் கால்குலேட்டர், எல்லாம் பிரவுசரிலேயே. அவையின்ர தளத்துக்குப் போய், பிரவுசரே யூஎஸ்பி கருவியோடு பேசுற வெப்யூஎஸ்பி வழியாக இணைக்க வேணும். ஃபயர்பாக்ஸில் வெப்யூஎஸ்பி இல்லை, குரோம் அல்லது குரோமியம் தேவை. எனக்குக் குரோமியத்திலும் வரவில்லை. முதல் காரணம் அக்கா சொன்ன அதே அனுமதி, இங்கே எண் 0483, அதற்கான விதிக் கோப்பை நியூம்வர்க்ஸே தருகினம். 0483 உண்மையில் உள்ளே இருக்கிற எஸ்டிஎம்32 சிப் செய்கிற கம்பெனியின்ர எண். இரண்டாவது, உபுண்டுவில் குரோமியம் ஸ்னாப் பொதியாக வருது, ஸ்னாப் என்றால் கூட்டுக்குள் அடைச்ச மாதிரி, யூஎஸ்பியைத் தொட விடாது. ரா-யூஎஸ்பி என்ற இணைப்பை ஸ்னாப் கனெக்ட் கட்டளையால் கையால் குடுத்த பிறகு உடனே கண்டுபிடிச்சுது. இந்த இரண்டாவதை ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்லுறன்.


கோவை ஹெச்பி பிரியன்

இந்த ஊரில் பள்ளித் தேர்வில் கிராஃபிங் கால்குலேட்டர் கொண்டு போக முடியாது, அதனால் எனக்கு இது படிப்புக்காக இல்லை, முழுக்க முழுக்கப் பைத்தியம். கையில் இரண்டு: ஹெச்பி 48ஜி, ஹெச்பி 50ஜி.

48ஜி 1993-இல் வந்தது. யூஎஸ்பி கிடையாது, நாலு பின் சீரியல் போர்ட். ஆனால் உள்ளேயே கெர்மிட் இருக்கிறது, அந்தக் காலத்தில் பல்கலைக்கழக மெயின்ஃப்ரேமோடு கோப்பு பரிமாறப் பயன்பட்ட அதே கெர்மிட். லினக்ஸில் சி-கெர்மிட் இன்றும் கிடைக்கிறது. 9600 வேகம், கேரியர் வாட்ச் ஆஃப், கால்குலேட்டரில் சர்வர் கட்டளை, அவ்வளவுதான், பேச ஆரம்பித்துவிடும். முப்பது வருடம் கழித்தும்! தயாரித்தவர் தனக்கென்று ஒரு பாஷை உருவாக்காமல் ஊரறிந்த பாஷையைப் போட்டதன் பலன் இது என்பேன். லா சப்பல் அண்ணனின் புது கேசியோ சட்டென்று வந்ததற்கும் காரணம் அதுவேதான்.

எனக்கு வந்த சிக்கல் வேறு இடத்தில். இப்போதைய லேப்டாப்பில் சீரியல் போர்ட் ஏது, அதனால் சிஹெச்340 சிப் போட்ட மலிவான யூஎஸ்பி சீரியல் மாற்றி ஒன்று. உபுண்டு 22.04-இல் மாட்டினால், மாற்றிக்கு லினக்ஸ் வைக்கிற டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயர் ஒரு நொடி தெரிந்து மறைகிறது. டிமெசெஜ் கட்டளையில் கெர்னல் பதிவுகளைப் பார்த்தேன், பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் நின்றது. அது பார்வையற்றவர்களுக்கான பிரெயில் கருவியை இயக்குகிற சேவை. சில பிரெயில் கருவிகளும் இதே சிப்பைப் பயன்படுத்துவதால், இந்த எண்ணைப் பார்த்ததும் தன்னுடையது என்று அது எடுத்துக்கொள்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்தாதவர் அந்தப் பொதியை நீக்கிவிடலாம். பயன்படுத்துகிறவர் அதன் யூடெவ் விதியில் அந்த எண் உள்ள வரியை மட்டும் நிறுத்தினால் போதும், தயவுசெய்து பொதியை நீக்க வேண்டாம்.

அப்புறம் பயனர், சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும், ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி. குழுவில் சேர்த்த கையோடு வேலை செய்யாது, லாக்அவுட் செய்து வர வேண்டும்.

கெர்மிட்டில் ஃபைல் டைப்பைப் பைனரி என்று வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் கோப்பு போகும், ஆனால் கால்குலேட்டரில் ஹெச்பிஹெச்பி48 என்று தொடங்கி அதற்குப் பின் கிறுக்கலாக ஒரு நீளமான சரம் மட்டும் கிடக்கும்.

50ஜி சுலபம். லினக்ஸ் கெர்னலிலேயே ஹெச்பி4எக்ஸ் என்று அதற்கான மாட்யூல் இருக்கிறது, மாட்டினால் தானாக டிடிஒய்யூஎஸ்பி0 வரும், பிறகு அதே கெர்மிட். பழைய விநியோகங்களில் மோடம்மேனேஜர் அது மோடமோ என்று சந்தேகப்பட்டு எதையாவது அனுப்பிப் பார்க்கும், முதல் பரிமாற்றம் கெட்டால் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் நான் பெரும்பாலும் கேபிளே தொடுவதில்லை. 50ஜியில் எஸ்டி கார்டு போடலாம், 2 ஜிபி வரை, ஃபேட் வடிவம். கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டு, கோப்பை வைத்து, திரும்பப் போட்டால் முடிந்தது.


டொரண்டோ மாணவன்

டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் II வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. 2019-இல் வந்த இந்த மாடலில் பேச்சுமுறையை மாற்றிவிட்டார்கள், டில்ப் 1.18 இதோடு பேசாது, அதில் மல்லுக்கட்ட வேண்டாம். என்-லிங்க் என்று ஒன்று இருக்கிறது, குரோமியத்தில் வெப்யூஎஸ்பி வழியாகவே ஓடும். எண் அதே 0451, அதனால் அக்கா சொன்ன விதியே இதற்கும் போதும். ஆனால் எனக்கு அந்த விதி வேலை செய்யவில்லை. கோப்புக்கு 99 என்று தொடங்கும் பெயர் வைத்திருக்கிறேன், உள்ளே, திரைக்கு முன் இருப்பவருக்கு அனுமதி கொடு என்று சொல்லும் யூஅக்சஸ் டேக் போட்டிருக்கிறேன். சூடோவில் வருகிறது, இல்லாமல் வரவில்லை. என்ன காரணம்?


தெம்பனிஸ் அம்மா

தம்பி, 99-தான் காரணம். விதிக் கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படும். யூஅக்சஸ் டேக்கைப் பார்த்து அனுமதி கொடுக்கிற வேலை 73-இல் தொடங்கும் சிஸ்டம்டி விதியில் நடக்கிறது. உன்னுடையது அதற்குப் பிறகு வந்தால் டேக் ஒட்டப்படும், ஆனால் பார்க்க ஆள் இருக்காது. 69 அல்லது 70 என்று பெயர் மாற்று. இணையத்தில் பாதிப் பேர் 99 என்றே எழுதி வைத்திருக்கிறார்கள், அது மோடு 0666 என்று எல்லோருக்கும் திறந்துவிடுகிற பழைய முறைக்குச் சரி, இதற்கு ஆகாது.


டொரண்டோ மாணவன்

70 ஆக்கினேன், வந்துவிட்டது, நன்றி அக்கா. இதையே அறையில் இருக்கிற ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் போட்டு, அதற்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து போய் பழைய 84 பிளஸிலிருந்து கோப்பு எடுக்கப் பார்த்தேன், அங்கே மட்டும் மறுபடி அனுமதி இல்லை என்கிறது.


டல்லாஸ்காரன்

எஸ்எஸ்ஹெச்சில் அப்படித்தான் வரும் தம்பி. யூஅக்சஸ் திரைக்கு முன் நேரில் லாகின் செய்திருப்பவருக்கு மட்டும். தொலைவிலிருந்து வருகிறவருக்குக் குழு முறைதான்: அதே வரியில் குழு பிளக்டெவ், மோடு 0660 என்று சேர்த்து, உன் பயனரை அந்தக் குழுவில் போடு. டில்ப்பைக் கட்டளைவரியில் ஓட்டும்போது கேபிள் பெயரும் மாடல் பெயரும் நீயே கொடு, தானாகக் கண்டுபிடிக்க விடாதே.